கிட்னி மட்டும்தானா கிடைக்கவில்லை?

காலை ஆறு மணி ஷிஃப்ட். திருச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் டயாலிஸிஸ் வார்டு. வெளியே நீளமாக ஒரு பெஞ்சு. துறையூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தவர்கள், ராத்திரியே வந்து வராந்தாவில் படுத்துக் கிடந்தவர்கள், என்னைப் போலக் கணவரை ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்து ஓட்டி வந்தவர்கள்... எல்லோர் கையிலும் ஒரு ஃபைல், ஒரு டிபன் கூடை. வாரத்துக்கு மூன்று நாள் வீதம், ஏறக்குறைய இரண்டே முக்கால் வருடம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன்.

பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொல்வார்கள். "என்னம்மா பண்றது... கிட்னி கிடைக்கணுமே! கிடைச்சா மாத்திடலாம்." நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்கிறேன், அது பாதி உண்மைதான். கிட்னிக்குப் பஞ்சம் இருப்பது நிஜம். ஆனால், அந்தப் பஞ்சத்தைச் சந்திக்கிற வரிசைக்குள் போய் நிற்பதற்கு முன்னாலேயே ஒரு நோயாளி பல சுவர்களைத் தாண்ட வேண்டியிருக்கிறது. அதில் பாதிச் சுவர்களைக் கட்டியவர்கள் நாம்தான்!

நான் டாக்டர் இல்லை. ஒரு நோயாளியின் மனைவி. கொஞ்ச நாளாக ஒற்றைக் கிட்னியோடு நடமாடுகிறவள். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

மணிக்கணக்கு

'அதுதான் டயாலிஸிஸ் இருக்கே, செஞ்சுக்கிட்டே இருக்கலாமே' என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு சின்னக் கணக்கு. வாரத்துக்கு 168 மணி நேரம். நம் கிட்னி அத்தனை மணி நேரமும் வேலை செய்கிறது. மெஷின் செய்வது தடவைக்கு நாலு மணி நேரம், வாரத்துக்கு மூன்று தடவை என்றால் 12 மணி நேரம். மீதி 156 மணி நேரத்துக்கு உடம்பில் சேர்கிற தண்ணீரும் கழிவும் உள்ளேயேதான். அதனால்தான் தண்ணீரை அளந்து அளந்து குடிக்க வேண்டியிருக்கிறது. சித்திரை வெயிலில் இவர் ஒரு ஐஸ் துண்டை வாயில் போட்டுக்கொண்டு, "இன்னிக்குக் கணக்கு முடிஞ்சுது" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் சமையலறைக்குள் போய்விடுவேன்.

டயாலிஸிஸ் உயிரைக் காப்பாற்றித் தருகிறது. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் உடம்பு தாங்குமானால், மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டவர்கள் பொதுவாக அதிக நாள், அதிக தெம்போடு வாழ்கிறார்கள். டயாலிஸிஸில் வருடங்கள் கூடக் கூட இதயம், ரத்தக்குழாய், எலும்பு என்று ஒவ்வொன்றாகப் பாதிக்கப்படும். பிறகு, "ஆபரேஷனைத் தாங்க மாட்டார்" என்று சொல்லிவிடுவார்கள். ஆகவே, காலதாமதம்தான் இந்த நோயில் முதல் எதிரி.

யாருமே சொல்லவில்லை!

இவருக்கு 'ஏ' குரூப் ரத்தம். எனக்கு 'பி'. முதல் வாரமே நான் முன்வந்தேன். "உங்க குரூப் சேராதும்மா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். மாமனார், மாமியார் இல்லை. நாத்தனாருக்குச் சர்க்கரை. அவ்வளவுதான் என்று உட்கார்ந்துவிட்டோம். முழுசாக ஒன்றரை வருடம்!

ஒருநாள் பெஞ்சில் பக்கத்தில் இருந்த அம்மாள் கேட்டார். "ஏங்க, நீங்க ஸ்வாப் போட்டுப் பார்க்கலியா?"

அப்படி ஒரு வார்த்தையை நான் அன்றைக்குத்தான் கேட்கிறேன். விஷயம் இதுதான். என் கிட்னி என் கணவருக்குச் சேராது. இன்னொரு குடும்பத்தில் நோயாளி 'பி' குரூப், கொடுக்க வருகிற அவர் தாயார் 'ஏ' குரூப். என்னுடையதை அவருக்கும், அந்தத் தாயாருடையதை இவருக்கும் மாற்றிக் கொடுத்துக்கொள்வது. பண்டமாற்று மாதிரி. பணம் கைமாறாது. உறுப்பு மாற்றுச் சட்டத்தில் 2011-ல் கொண்டுவந்த திருத்தத்திலேயே இதற்கு அனுமதி இருக்கிறது. ரத்த குரூப் சேராமலே மாற்றும் முறையும் சில ஆஸ்பத்திரிகளில் உண்டு. செலவு அதிகம், மருந்து அதிகம்.

இதையெல்லாம் முதல் நாளே ஒருவர் உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் என்ன குறைந்துவிடும்? டாக்டருக்கு நேரமில்லை, புரிகிறது. ஒரு வார்டில் காத்திருக்கும் கூட்டம் அப்படி. ஆனால் டயாலிஸிஸ் பில் போட ஒரு ஆள் இருக்கிறார், இதைச் சொல்ல ஒரு ஆள் இல்லை என்பது என்ன நியாயம்?

இன்னொரு விஷயம். டயாலிஸிஸ் ஆரம்பித்த பிறகுதான் மாற்று ஆபரேஷன் என்பது சட்டமில்லை. கிட்னி பழுதாகிக்கொண்டே வருகிறது என்று தெரிந்ததும், கொடுக்க ஆள் தயாராக இருந்தால், டயாலிஸிஸ் கட்டிலில் ஏறாமலேயே நேராக மாற்றிக்கொள்ள முடியும். எத்தனை பேருக்கு இது தெரியும்?

ரத்தம் ஏற்றும் விஷயமும் அப்படித்தான். ரத்தசோகை என்று அடிக்கடி ரத்தம் ஏற்றினால், மற்றவர்களின் திசுக்களை எதிர்க்கும் சக்தி நோயாளியின் உடம்பில் உருவாகலாம். அப்புறம் கிட்னி கொடுக்க ஆள் வந்தாலும், கிராஸ் மேட்ச் பரிசோதனையில் 'சேராது' என்று வந்துவிடும். இரும்புச்சத்தும் எரித்ரோபாய்டின் ஊசியும் கொடுத்துச் சமாளிக்க முடிகிற இடத்தில் ரத்தத்தைத் தவிர்ப்பதுதான் நல்லது. அவசரத்துக்கு ஏற்றித்தான் ஆக வேண்டும். வேண்டாம் என்று அடம்பிடிக்கக் கூடாது. ஆனால், "டாக்டர், இவருக்கு மாற்று ஆபரேஷன் செய்கிற எண்ணம் இருக்கிறது. ரத்தம் ஏற்றாமல் பார்க்க முடியுமா?" என்று கேட்கலாமே!

கொடுப்பவள் பெண், கேட்கக் கூசுபவளும் பெண்

அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன். உள்ளே கணவன் படுத்திருந்தால் வெளியே மனைவி, "என்னோடதை எடுத்துக்கச் சொல்லுங்க" என்பாள். மகன் படுத்திருந்தால் அம்மா. உள்ளே மனைவி படுத்திருந்தால்? அவளுடைய வயதான தாயாரோ, தனியாளாக அவளேயோதான்! இது எங்கள் ஊர் கதை மட்டும் இல்லை. நாடு முழுவதும், உயிரோடு இருக்கும்போது உறுப்பு கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்; வாங்கிக்கொள்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள்.

இவருக்கு அடுத்த கட்டிலில் ஒரு பெண். 28 வயது. இரண்டு குழந்தைகள். கணவர் கெட்டவர் இல்லை. கூட்டி வருவார், காத்திருப்பார், பணம் கட்டுவார். ஆனால் கிட்னி என்றதும், "நான் சம்பாதிக்கிறவன். நானும் படுத்துட்டா குடும்பம் என்னாகும்?" என்றார். அவளுடைய அண்ணன் ஒத்துக்கொண்டார். அண்ணி விடவில்லை. "நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா நானும் புள்ளைங்களும் எங்க போய் நிப்போம்?"

அண்ணியை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த பயம் நியாயமானது. ஆனால் அந்த பயத்துக்குப் பதில் சொல்ல யாரும் அவளைக் கூப்பிட்டுப் பேசவில்லை என்பதுதான் என் வருத்தம்.

நான் கொடுத்தவள். அதனால் பதில் சொல்கிறேன். கொடுப்பவருக்கு எடுக்கிற பரிசோதனைகள் கொஞ்ச நஞ்சம் இல்லை. ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, இதயம், இரண்டு கிட்னியும் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று எல்லாம் பார்த்து, ஒரு சந்தேகம் இருந்தாலும் "வேண்டாம்" என்று அனுப்பிவிடுவார்கள். இப்போது பெரும்பாலும் சின்னத் துளைகள் போட்டு லேப்ராஸ்கோப் வழியாகத்தான் எடுக்கிறார்கள். நான் ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தேன். சில வாரங்கள் குடம் தூக்கவில்லை, மாவாட்டவில்லை. இப்போது எல்லா வேலையும் செய்கிறேன். மிச்சம் இருக்கிற ஒரு கிட்னி தன் வேலையைக் கூட்டிக்கொண்டு ஈடு கட்டுகிறது.

ஆபத்தே இல்லையா என்றால், அப்படிச் சொல்ல மாட்டேன். எந்த ஆபரேஷனிலும் ஆபத்து உண்டு. வருடா வருடம் ரத்தக்கொதிப்பும் சிறுநீரும் பரிசோதிக்க வேண்டும். இனிமேல் குழந்தை பெற வேண்டிய பெண்களுக்கு, கர்ப்ப காலத்தில் ரத்தக்கொதிப்பு வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுகிறது. அதை டாக்டர்கள் யோசித்துத்தான் முடிவு செய்வார்கள். இத்தனையும் தெரிந்துகொண்டு ஒருவர் "முடியாது" என்றால் அது அவர் உரிமை. யாரும் வற்புறுத்தக் கூடாது. ஒன்றுமே தெரியாமல் "முடியாது" என்பதைத்தான் சொல்கிறேன்.

பிள்ளை பெற்ற பெண்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கர்ப்ப காலத்தில் கணவரின் திசுக்களுக்கு எதிரான சக்தி அவர்கள் உடம்பில் உருவாகியிருக்கலாம். அதனால் கணவர் முன்வந்தாலும் சேராமல் போகலாம். ஆனால் அந்தப் பெண்ணின் விஷயத்தில், சேருமா சேராதா என்று பரிசோதனை செய்துகூடப் பார்க்கவில்லையே!

ரேஷன் கார்டில் ஒரு இனிஷியல்

எங்களுக்கு ஜோடிக் குடும்பம் கிடைக்க ஒன்பது மாதம் ஆனது. பிறகு காகிதங்கள். கல்யாணப் பத்திரிகையில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர், ஆதாரில் இனிஷியல் பின்னால். எங்கள் கல்யாணம் கோயிலில் நடந்தது, பதிவு செய்யவில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு காகிதம் குறைவு என்று திருப்பி அனுப்புவார்கள். எல்லாக் காகிதத்தையும் ஒரே பட்டியலாக எழுதிக் கொடுங்கள் என்று கேட்டால், "அடுத்த தடவை வாங்க, சொல்றோம்." ஆபரேஷன் நடப்பதற்குள் இன்னும் ஆறு மாதம் போயிற்று. அந்த ஆறு மாதமும் இவர் மெஷினில்.

அதற்காகச் சட்டத்தையே எடுத்துவிடுங்கள் என்று சொல்வேனா? மாட்டேன். சென்னை வில்லிவாக்கத்தில் கடனுக்காகக் கிட்னி விற்றவர்கள் பெருகி, அந்த ஊருக்கே கிட்னி பெயரில் பட்டப்பெயர் வந்ததை என் தலைமுறை மறக்காது. அந்த அவலத்தையெல்லாம் பார்த்துத்தான் 1994-ல் உறுப்பு மாற்றுச் சட்டம் வந்தது. சட்டம் வந்தும் 2025-ல் நாமக்கல் மாவட்டம் பள்ளிப்பாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர்களைப் புரோக்கர்கள் வளைத்த செய்தியைப் படித்தோம். கடனில் மூழ்கியவனின் கிட்னியில் என் கணவர் பிழைக்க வேண்டாம் என்று அன்றைக்கு நாங்கள் இருவருமே பேசிக்கொண்டோம்.

ஆகவே, சோதனை வேண்டும். பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், கணவன் மனைவி, தாத்தா பாட்டி, பேரன் பேத்தி என்று நெருங்கிய உறவுகளைச் சட்டமே சொல்லிவிட்டது. மற்றவர்கள் கொடுப்பதானால் அங்கீகாரக் குழு முன்னால் போக வேண்டும். ஸ்வாப்புக்கும் அதே குழுதான். கொடுப்பவர் பெண் என்றால், அவள் சுய விருப்பத்தோடுதான் வருகிறாளா என்பதை நோயாளி அல்லாத வேறு ஒருவர் மூலம் உறுதி செய்ய வேண்டும் என்றும் விதி இருக்கிறது. அருமையான விதி. நான் கேட்பது ஒன்றே ஒன்று. புரோக்கரைத் தடுக்கிற கதவு, பெண்டாட்டியையும் தடுக்க வேண்டாம். என்னென்ன காகிதம், யாரிடம் வாங்க வேண்டும், எத்தனை நாளில் முடிவு என்று தமிழில் ஒரு பக்கம் அச்சடித்து ஒவ்வொரு டயாலிஸிஸ் வார்டிலும் ஒட்டக் கூடாதா?

நடுவில் மாட்டிக்கொண்டவர்கள்

பணம். இதைப் பற்றிப் பேசாமல் முடியாது. தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் லட்சங்களில். அது முடிந்தாலும், புதுக் கிட்னியை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும். ஒரு வேளை தவறினாலும் வம்பு. 'இந்த மாசம் கையில் காசு இல்லை' என்று மாத்திரையைக் குறைத்துக்கொண்டு, கிட்னியையே இழந்தவர்கள் உண்டு.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிஸிஸும் மாற்று ஆபரேஷனும் உண்டு. ஆனால் வருமான வரம்பு இருக்கிறது. எங்களைப் போன்ற குடும்பங்கள் நடுவில் மாட்டிக்கொள்கின்றன. காப்பீட்டு அட்டைக்கு எங்கள் வருமானம் அதிகம். ஆஸ்பத்திரி பில்லுக்கு ரொம்பக் கம்மி! என் நகை போயிற்று, இவர் பெயரில் இருந்த மனை போயிற்று. போகட்டும், மனிதர் இருக்கிறாரே.

நடுத்தரக் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. அரசு ஆஸ்பத்திரி என்றால் முகம் சுளிக்காதீர்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, மதுரை ராஜாஜி மருத்துவமனை ஆகியவற்றில் இந்த ஆபரேஷன் நடக்கிறது. 'அங்கேயெல்லாம் நம்மளால நிக்க முடியாது' என்று நானும்தான் நினைத்தேன். விசாரித்துக்கூடப் பார்க்கவில்லை. அது என் தவறு.

அந்த ஒரு போன்

வீட்டில் கொடுக்க யாரும் இல்லாதவர்களுக்கு இருக்கிற ஒரே வழி, மூளைச்சாவு அடைந்தவர்களின் குடும்பம் கொடுக்கிற தானம். இதில் தமிழ்நாடு நாட்டுக்கே வழிகாட்டி. 2008-ல் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த ஒரு டாக்டர் தம்பதி, விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் மகனின் உறுப்புகளைக் கொடுத்தார்கள். அந்தச் செய்தியைப் படித்து அழாத வீடு இல்லை. 2014-ல் இதற்கென்றே மாநில ஆணையம் அமைந்தது. 2023-லிருந்து, உறுப்பு தானம் செய்தவரின் உடலுக்கு அரசு மரியாதை செலுத்தப்படுகிறது.

ஆனாலும் வரிசை நீளம். அதிலும் பலர் பதிவே செய்வதில்லை! 'கொடுக்க ஆள் இருக்கா பார்க்கலாம்' என்று ஒரு வருடம், 'நாட்டு மருந்து சாப்பிட்டுப் பார்க்கலாம்' என்று ஒரு வருடம். நான் சொன்ன அந்தப் பெண்ணின் பெயரைப் பதிவு செய்தபோது டயாலிஸிஸ் தொடங்கி இரண்டு வருடம் ஓடிவிட்டது. தாமதிக்கிற ஒவ்வொரு நாளும் வரிசையில் இன்னொருவர் நமக்கு முன்னால் போய் நிற்கிறார். 65 வயது தாண்டினால் பதிய முடியாது என்ற பழைய வரம்பையும் 2023-ல் மத்திய அரசு எடுத்துவிட்டது. வயதைக் காரணம் காட்டி வீட்டுப் பெரியவர்களைக் கைவிட வேண்டாம்.

பதிந்தால் மட்டும் போதாது. போன் நடுராத்திரியில் வரும். உடனே கிளம்ப வேண்டும். அன்றைக்கு நோயாளிக்குச் சளி, காய்ச்சல், சொத்தைப் பல்லில் சீழ் என்றால் வாய்ப்பு அடுத்தவருக்குப் போய்விடும். பல், இதயம், தடுப்பூசி எல்லாவற்றையும் முன்கூட்டியே சரி செய்து வைத்துக்கொள்ள வேண்டும். போன் நம்பரை மாற்றினால் ஆஸ்பத்திரிக்குச் சொல்ல வேண்டும். சின்ன விஷயம்தான். இதிலேயே கோட்டை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, நாம் எல்லோரும் யோசிக்க வேண்டியது. கோமா வேறு, மூளைச்சாவு வேறு. கோமாவிலிருந்து சிலர் மீண்டு வருவார்கள். மூளைச்சாவிலிருந்து யாரும் வர முடியாது. நாலு டாக்டர்கள் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பரிசோதித்துத்தான் அதை உறுதி செய்கிறது. உறுப்பு மாற்று ஆபரேஷன் செய்கிற டாக்டர்கள் அந்தக் குழுவில் இருக்கக் கூடாது. மூச்சு மெஷினால் மார்பு ஏறி இறங்குவதைப் பார்க்கிற குடும்பத்துக்கு இதை நம்புவது எத்தனை கஷ்டம்! அந்த நேரத்தில் முதன்முதலாகக் கேட்டால் யாருக்குத்தான் வாய் வரும்? 'அவருக்கு இதில் இஷ்டமா' என்று முன்பே வீட்டில் பேசியிருந்தால், அந்த நிமிடத்தில் அது ஒரு பிடிமானம். தானம் செய்வதாக அட்டையில் கையெழுத்துப் போட்டிருந்தாலும், கடைசியில் டாக்டர்கள் கேட்பது வீட்டாரைத்தான்.

இன்று ராத்திரி சாப்பிடும்போது...

அரசாங்கம் செய்ய வேண்டியது இருக்கிறது. ஒவ்வொரு டயாலிஸிஸ் வார்டிலும் மாற்று ஆபரேஷன் பற்றி எடுத்துச் சொல்ல ஒரு ஆள், தமிழில் அந்தக் காகிதப் பட்டியல், நடுத்தரக் குடும்பத்துக்கும் மருந்துச் செலவில் ஒரு கைகொடுப்பு. இந்த மூன்றையும் நான் கேட்கிறேன்.

நாம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. தெரிந்தவர் யாராவது டயாலிஸிஸில் இருந்தால், "கிட்னி கிடைச்சுதா?" என்று கேட்காதீர்கள். "பதிவு பண்ணியாச்சா? ஸ்வாப் பத்திக் கேட்டீங்களா?" என்று கேளுங்கள். உங்கள் வீட்டில் ஒரு பெண் படுத்திருந்தால், பரிசோதனைக்காவது முதலில் போய் நில்லுங்கள். இன்று ராத்திரி எல்லோரும் சேர்ந்து சாப்பிடும்போது, "எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா என் உறுப்பைக் கொடுத்துடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். அபசகுனம் என்று அம்மா கோபித்துக்கொள்வார். பரவாயில்லை, காதில் விழுந்திருக்கும்.

போன மாதம் இவரைச் செக்கப்புக்குக் கூட்டிப் போனபோது, பழைய ஞாபகத்தில் அந்த வார்டுக்குள் எட்டிப் பார்த்தேன். அதே கட்டிலில் அந்தப் பெண். இளைத்திருந்தாள். தலைமாட்டில் செல்போன், சார்ஜரோடு. என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"அக்கா... போன் வருமாக்கா?"

"வரும்மா" என்றேன். வேறு என்ன சொல்ல? அந்தப் போன் வருவது என் கையில் இல்லை. முகம் தெரியாத ஏதோ ஒரு குடும்பம், தாங்க முடியாத துக்கத்தின் நடுவே சொல்லப்போகிற ஒரு 'சரி'யில் இருக்கிறது.